தானா வந்த வயலினும் லியோன் மோத்தாவோட வயித்தெரிச்சலும்

மாதா கோயில் கொடி எறங்குன மறுநாள் சாயங்காலம் நாலரை மணிக்கு, ரூபாவதி டீச்சரோட வயலின் மில்லர்புரத்துலருந்து தன்னால நடந்து வந்து, தூத்துக்குடி பீச் ரோட்டுக்குப் பின்னால இருக்குற லியோன் மோத்தாவோட பட்டறை வாசல்ல நின்னுச்சு. நடந்துன்னா நம்ம நடக்குற மாதிரி இல்ல, நண்டு மாதிரி, ஒருக்களிச்சாப்புல, வில்லை வாலாட்டம் இழுத்துக்கிட்டு. ரயில்வே கேட்டு மூடியிருந்தப்போ குட்ஸ் வண்டி போறவரைக்கும் பொறுமையா நின்னுருக்கு, உப்பு லாரிக்கு ஒதுங்கியிருக்கு, வழியில நாய் ஒண்ணு மோந்து பாத்தப்போ சங்கடப்படாம மோக்கக் குடுத்துருக்கு. எதிர்த்தாப்புல டீ ஆத்திக்கிட்டு இருந்த சண்முகக்கனி, "அண்ணாச்சி, வாசல்ல ஆள் நிக்கி"ன்னு ஒரு சத்தம் குடுத்துட்டு மறுபடியும் டீ ஆத்தப் போயிட்டான்.

லியோன் மோத்தா எட்டிப் பாத்தாரு. பாத்ததும் அவரு மனசுல ஒரு குளிர்ச்சி எறங்குச்சு பாருங்க, மூணு வருஷமா அப்படி ஒரு குளிர்ச்சி அவருக்கு எறங்கல. ஏன்னா அந்த வயலினை ரிப்பேர் பண்ணது அவரு இல்ல, அவரு சம்சாரம் அமலி. இந்தத் தொழில்ல, குடுத்தனுப்புன சாமான் திரும்பி வந்தா அசிங்கம். ஒட்டுனது விட்டுட்டு, முறுக்குனது வழுக்கிட்டுன்னு அர்த்தம். வயலின், வீணை, கிட்டார், மாண்டலின்னு தந்தி கட்டுன எதையும் புதுசாச் செய்யவும் ஒடஞ்சதைச் சேக்கவும் தெரிஞ்ச மனுசன் லியோன். இருபத்திரண்டு வருஷத்துல தன் கையிலருந்து போன ஒரு சாமானும் திரும்பினதில்லங்குற திமிருல, வாசல்ல போர்டே எழுதி மாட்டியிருந்தாரு: "ஒரு தடவை போனால் திரும்பி வராது." அதைப் படிச்சுட்டுப் பொணப்பெட்டி விசாரிக்க வந்தவங்க ரெண்டு பேரு உண்டு.

வயலினைத் தூக்கி மேசையில படுக்கப்போட்டு, வெரல் மொட்டியால சுத்திச் சுத்தித் தட்டி, ஒட்டு எங்கயாவது விட்டிருக்கான்னு காது வச்சுக் கேட்டாரு. விடல. தந்தி முறுக்குற பிருடை வழுக்குதான்னு திருகிப் பாத்தாரு. வழுக்கல. தந்தியத் தாங்குற குதிரை சாஞ்சிருக்கான்னு ஒத்தக்கண்ணை மூடிப் பாத்தாரு. நட்டுவச்ச மாதிரி நின்னுச்சு. அரைமணி நேரம் தேடியும் ஒரு குத்தமும் இல்ல. அந்த அரைமணி நேரத்துல வந்த குளிர்ச்சி எல்லாம் வேர்வையாப் போயிட்டு.

அப்பத்தான் அமலி உள்ளருந்து டீயோட வந்தா. வயலினைப் பாத்து, "வந்துட்டியா"ன்னு மட்டும் கேட்டா. தூக்கி மடியில வச்சு நாலு தந்தியையும் வெரலால ஒரு தட்டு தட்டினா. அந்த வயலின் அப்படியே அடங்கிப்போச்சு, ஸ்கூல் விட்டு வந்த புள்ளைக்குச் சோறு கெடச்ச மாதிரி. கொஞ்ச நேரத்துல ரூபாவதி டீச்சர் ஆட்டோவுல வந்து எறங்கி, "இங்கதான் இருக்கா சனியன், நான் பீரோவுக்கு அடியிலல்லாம் குனிஞ்சு பாத்தேன்"ன்னு சொல்லி, ஒரு டீயும் குடிச்சுட்டு, வயலினைத் தூக்கிட்டுப் போனாங்க.

மறுநாள் கோயில் பாட்டுக்குழுவோட கிட்டார் ஒண்ணு வந்துச்சு, குதிச்சுக் குதிச்சு. அதுக்கு மறுநாள் பேண்டு செட்டுக்காரரோட மாண்டலின். அப்புறம் யாரோ பர்மாவுலருந்து கொண்டாந்து அட்டத்துல போட்டுவச்சிருந்த புல்புல்தாரா, டைப்ரைட்டராட்டம் கட்டை வச்ச தந்தி வாத்தியம், அது நடக்கும்போதே டைப் அடிக்கிற சத்தம் வரும். மாசக் கடைசியில ஸ்ரீவைகுண்டத்துலருந்து கோமதி அம்மாளோட வீணை, ஒண்ணரை நாள் நடந்து, வழியில இருக்குற நம்ம பக்கத்துப் புதுக்கோட்டையில ஒரு கல்யாண மண்டபத்துல தங்கி, கொடத்தை உருட்டி உருட்டி வந்து சேந்துச்சு. எல்லாம் சரியா நாலரை மணிக்கு. எல்லாம் அமலி கைபட்ட சாமான்.

ஊரு என்ன பண்ணும்? ஊருக்கு ஆயிரம் சோலி. ஒரு வாரம் வாயப் பொளந்துச்சு, மறு வாரம் வழி விட்டுச்சு. டிராபிக் கான்ஸ்டபிள் இசக்கிராஜா நாலேகாலுக்கெல்லாம் முக்குல வந்து நின்னு, உப்பு லாரியக் கைகாட்டி நிறுத்தி, "வா வா வா, ஓரமா வா"ன்னு கிட்டாரைக் கடத்திவிடுவான். பங்குச் சாமியார் பூசை முடிவுல அறிவிப்பு வாசிச்சாரு: பாட்டுக்குழு வாத்தியங்களைப் பெஞ்சுக் காலோட கட்டிப் போடணும், கட்டாத கிட்டாருக்குப் பங்கு பொறுப்பு இல்ல. சில வீட்டுல வயலினைக் கொடிக்கயித்தால சன்னல் கம்பியில கட்டிவச்சாங்க. மனசு கேக்காதவங்க கதவை ஒருச்சாத்தி வச்சு, கழுத்துல போன் நம்பர் எழுதின சீட்டைக் கட்டி அனுப்புனாங்க. பொண்ணு பாக்க வந்த எடத்துல, "பொண்ணு வாசிக்கிற வீணை பட்டறைக்குப் போகுமா, வீட்டோட இருக்குமா"ன்னு விசாரிக்கிற அளவுக்கு ஆகிப்போச்சு. போகாத கிட்டாரை வச்சிருந்த பயலுவளைக் கூட்டாளிங்க "ஒன் கிட்டாருக்கு ஒணர்ச்சியே கெடையாதால"ன்னு ஓட்டுனாங்க. காரணம் கேட்டா, சாமியார் அருள்னு சொன்னாரு, சயின்ஸ் வாத்தியார் மரத்துல ஈரப்பதம்னு சொன்னாரு, சண்முகக்கனி தன் டீயோட வாசனைன்னு சொன்னான். அமலிகிட்டயே கேட்டதுக்கு, "எனக்கென்ன தெரியும், வருது, வாங்கன்னு சொல்லுதேன்"னா.

தெரியாதுன்னு அவ சொன்னதுதான் லியோனுக்குப் பொறுக்கல. தெரிஞ்சு ஒருத்தி ஜெயிச்சா மனசை ஆத்திக்கலாம். மூணு வருஷத்துக்கு முன்னால அவரு மஞ்சக்காமாலையில நாப்பது நாள் படுத்தப்போ, வந்த வேலையைத் திருப்பி அனுப்பக்கூடாதுன்னு வச்சிரத்தைக் காய்ச்சிக் கையிலெடுத்தவ அமலி. வச்சிரம்னா தோலைக் காய்ச்சி எடுக்குற பழைய பசை, வாத்தியத்துக்கு அதுதான். அவரு எந்திரிச்சு வந்தப்போ வாசல்ல நின்ன மொத ஆள் கேட்டது, "அமலியக்கா இல்லையா?" அன்னைக்கு விழுந்த பொறிதான். இப்ப அது நாலரை மணிக்கு நாலரை மணி ஊதிவிட்ட அடுப்பு.

அவ என்ன செய்யுதான்னு பாத்துப் பாத்து அவரும் செஞ்சாரு. அவ வச்சிரத்தைச் செரட்டையில வச்சுக் காய்ச்சுனா, அவரும் செரட்டைக்கு மாறுனாரு. அவ வேலை பாக்கும்போது சாமானைத் திட்டுவா, "ஏ மூதி, ஆடாம இரு"ன்னு. அவரும் திட்டிப் பாத்தாரு, ஆனா அவரு திட்டுனது நெசமாவே திட்டுற மாதிரி இருந்துச்சு. கல்யாணம் ஆன ஆளுக்குத் தொழில்ல பொறாமை வந்தா ரொம்பக் கஷ்டம், எதிரி வச்ச கொழம்பைத்தான் தெனமும் ஊத்திச் சாப்பிடணும், அதுவும் சனியன் நல்லா இருக்கும். "இன்னுங் கொஞ்சம் ஊத்தவா?"ன்னு அமலி கேப்பா. "ஊத்து"ன்னு சொல்லும்போதே அவருக்கு எரியும்.

கடைசியில, பதினோரு வருஷமா பரண்ல காயப்போட்டு வச்சிருந்த பலகையை எறக்கி, ஆறு மாசம் இழைச்சு, ஆயுசுல அதுவரைக்கும் செய்யாத ஒரு வயலினைச் செஞ்சாரு. அதைப் பாத்து அமலியே, "ஏங்க, இது அழகா இருக்குங்க"ன்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னா. தொடவிடல அவரு. அதை யாருக்குக் குடுக்கலாம்னு யோசிச்சு யோசிச்சு, நாலு வீடு தள்ளி இருந்த கொம்பையாவுக்குச் சும்மாவே குடுத்தாரு. கொம்பையா கஸ்டம்ஸ்ல ரிட்டயர் ஆனவரு, வயலினுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஆனா அங்கருந்து பட்டறைக்கு ரோடு தாண்ட வேண்டாம், கேட்டு இல்ல, லாரி இல்ல, நேரா வந்து நின்னாப் போதும். கைக்கொழந்த வயலின்கூட வந்துரும்.

பத்து நாள் பாத்தாரு. வரல. பதினோராம் நாள் போய் நின்னாரு.

"ஓய் கொம்பையா, வயலினு எப்படி இருக்கு?"

"தங்கமா இருக்கு மோத்தா. வச்ச எடத்துல வச்ச மேனிக்கு இருக்கு."

"அசையவே இல்லையா?"

"ம்ஹும். நல்ல வளர்ப்பு."

"வாசக்கதவைத் தொறந்துதான வைக்கீரு?"

"திருடன் வந்துருவானே வே."

"வயலினு போறதுக்குத் தொறந்து வையும்னு சொன்னா, திருடன் வாரதைப் பத்திப் பேசுதீரு!"ன்னு கத்திட்டு வந்துட்டாரு.

அப்புறம் பண்ணுனதுதான் கேவலம். பாட்டுக்குழு பையன் ரோஷனோட கிட்டாருக்கு முறுக்காணி மாத்தும்போது, வேணும்னே ஒண்ணைத் தளர்வா விட்டு அனுப்புனாரு, இந்தச் சாக்குலயாவது வரட்டும்னு. வந்துச்சு. ரோஷனோட ஸ்கூட்டர்ல, அவனுக்கு முன்னால நின்னுக்கிட்டு. "அண்ணே, ஒங்க வேலை திரும்பி வந்துட்டு"ன்னு அவன் தெருவே கேக்குற மாதிரி சொன்னான். இருபத்திரண்டு வருஷத்துல மொதத் தடவை. சண்முகக்கனி டீ கிளாஸைக் கழுவிக்கிட்டே, "அண்ணாச்சி, ஸ்கூட்டர்ல வந்தா சேத்தி இல்ல"ன்னான்.

ஐப்பசி மாசம் அமலி, தங்கச்சி புள்ளைக்கு ஞானஸ்நானம்னு மூணு நாள் மணப்பாட்டுக்குப் போனா. போகும்போது சொல்லிட்டுத்தான் போனா, "நாலரைக்கு வந்தா உள்ள விடுங்க, வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்." லியோன் தலைய ஆட்டுனாரு. ரெண்டாம் நாள் மத்தியானம் கடல் பக்கம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. நாலு இருபதுக்கு அவரு எந்திரிச்சாரு, வெளக்கைப் போட்டாரு, ஷட்டரை இழுத்து மூடி உள்ளுக்குள்ளயே உக்காந்துட்டாரு. ஒரே ஒரு நாள் அவங்களும் காத்து நிக்கட்டும், கூப்பிட ஆளில்லாம திரும்பிப் போகட்டும், நான் வருஷக்கணக்கா நிக்கலையான்னு நெனச்சாரு.

நாலரைக்கு வந்தாங்க. ஷட்டருக்கு அந்தப் பக்கம் வில்லு உரசுற சத்தம், கிட்டார் வந்து சாயுற சத்தம், புல்புல்தாரா ரெண்டு எழுத்து அடிச்சுட்டு நிறுத்துன சத்தம். வீணைகூட அன்னைக்குப் பாத்து வந்திருந்துச்சு, மொத்தம் ஏழு. அப்ப எறங்குச்சு மழை. தூத்துக்குடிக்கு மழைங்கிறது சொந்தக்காரன் மாதிரி, வரவே வராது, வந்தா சாமானை ஒடைக்காமப் போகாது. போயிருவாங்கன்னு அவரு காத்திருந்தாரு. போகல. தொழில் தெரிஞ்ச காதுல்லா, வெளிய என்ன நடக்குதுன்னு அவருக்குப் பாக்க வேண்டிய அவசியமே இல்ல. வச்சிரத்துக்குத் தண்ணி ஆகாது. நனைஞ்சா மொதல்ல ஊறும், அப்புறம் எளகும், அப்புறம் ஒட்டு ஒவ்வொண்ணா விடும். 'டக்'குன்னு ஒண்ணு விட்டுச்சு. வயலினோட வயித்துப் பலகைன்னு அவருக்குத் தெரிஞ்சுச்சு. 'டக்'. மாண்டலின். கை ஷட்டர் பூட்டுக்குப் போறதும் வாரதுமா இருந்துச்சு. "வாங்க"ன்னு ஒரு வார்த்தை, அதைச் சொல்ல வாய் வரல, அவங்க வந்தது அவருகிட்ட இல்லைங்கிறதால. வீணையோட கழுத்து விட்ட சத்தம் கேட்டப்பத்தான் அவரு எந்திரிச்சு ஷட்டரைத் தூக்குனாரு. ஏழும் அங்கனயே நின்னுச்சு, நெஞ்சு தொறந்து, நனைஞ்சு, ஒண்ணை ஒண்ணு தாங்கிக்கிட்டு.

மறுநாள் அமலி வர்றதுக்குள்ள ஏழையும் காயவச்சு, சுரண்டி, ஒட்டி, கிளாம்பு போட்டு எறக்கிட்டாரு. சோறு திங்கல, பல்லு வெளக்கல. வந்தவகிட்ட, "மழையில நனைஞ்சுட்டு"ன்னாரு. அமலி ஒவ்வொண்ணையும் வெரல் மொட்டியால சுத்திச் சுத்தித் தட்டிப் பாத்தா. ரொம்ப நேரம் தட்டினா. "நல்லா ஒட்டியிருக்கிய"ன்னா. அப்புறம், "ஷட்டர் தொறந்துதான இருந்துச்சு?"ன்னா.

"தொறந்துதான் இருந்துச்சு"ன்னாரு லியோன்.

அதுக்கப்புறம் ஒண்ணுகூட வரல.

மொத வாரம் அவருக்குத் தீபாவளியும் கிறிஸ்மஸும் ஒண்ணா வந்த மாதிரி இருந்துச்சு. ரூபாவதி டீச்சர் வந்து, "தம்பி, ஒங்க கை பட்டதுலருந்து வயலின் வீட்டோட நிக்கி, இனிமே ரிப்பேர்னா நீங்களே பாருங்க"ன்னாங்க. இதைக் கேக்கத்தான் இத்தனை வருஷமா தவங்கெடந்தாரு. ரெண்டாவது வாரம் இசக்கிராஜா நாலேகாலுக்கு முக்குல வந்து நின்னு, கைகாட்ட ஒண்ணும் இல்லாம, பழக்கதோஷத்துல ஒரு நாயைக் கடத்திவிட்டுட்டுப் போனான். மூணாவது வாரம் லியோன் கவனிச்சாரு, தெனமும் நாலரைக்கு அமலி வாசல்ல வந்து நிக்குதா. டீ கையில ஆடை கட்டிப்போயிருக்கும். அஞ்சு மணிக்கு உள்ள வருவா. கொழம்புல உப்பு இல்ல. தூத்துக்குடியில, உப்பளத்துக்கு நடுவுல இருந்துக்கிட்டு, கொழம்புல உப்பு இல்ல. செரட்டையில வச்சிரம் காஞ்சு கண்ணாடியாக் கெடந்துச்சு, அவ தொடல.

எதிரி களத்தை விட்டுப் போனா ஜெயிச்சவன் சந்தோசப்படணும். லியோனுக்கு ஒரு வாய் எறங்கல.

ஒரு செவ்வாக்கெழம சைக்கிளை எடுத்துக்கிட்டு மில்லர்புரத்துக்குப் போனாரு. "டீச்சர், வயலினை ஒரு ரெண்டு மணி நேரம் குடுங்க." "எதுக்கு?" "சும்மா, காத்தாட." நாலு இருபத்தெட்டுக்கு அதைக் கொண்டாந்து வாசப்படியில வச்சுட்டு, எளநி வண்டிக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிட்டாரு. அமலி வந்தா, பாத்தா, குனிஞ்சு பொட்டி ஜிப்பைத் தொறந்தா. அப்புறம், "வந்துட்டியா"ன்னு கேட்டு மடியில எடுத்துக்கிட்டா. அவ மொகம் எப்படி மாறுச்சுன்னு எளநி வண்டிக்குப் பின்னாலருந்து அவரு பாத்தாரு. சந்தோசமாத்தான் இருந்துச்சு. ஆனா வயிறு பழையபடி எரிய ஆரம்பிச்சுட்டு. இந்தத் தடவை அமலி மேல இல்ல, அந்த வயலின் மேல. கல்யாணமாகி இருபது வருஷத்துல, வீட்டுக்குள்ள நொழையும்போது தன்னை இப்படி ஒரு நாள் கேட்டிருப்பாளா, கேக்குற மாதிரி தான் ஒரு நாளாவது வந்திருக்கமான்னு யோசிச்சாரு. எளநிக்காரரு, "வெட்டவா வேண்டாமா, ஒளிஞ்சுக்கிட்டே இருந்தா எப்படி"ன்னாரு.

அன்னையிலருந்து அதுதான் சோலி. ஒரு நாள் கிட்டார், ஒரு நாள் மாண்டலின், ஒரு நாள் புல்புல்தாரா. வீடு வீடாப் போயி வாங்கி, நாலு இருபத்தெட்டுக்குப் படியில வச்சு, ஒளிஞ்சு, எரிஞ்சு. ஊரே பாத்துச்சு. ஒரு பய வாயத் தொறக்கல.

பாக்கி இருந்தது ஸ்ரீவைகுண்டத்து வீணை. காலையிலயே பஸ் ஏறிப் போய்க் கேட்டாரு. கோமதி அம்மாள், "கூட்டிட்டுப் போங்கோ, போன தடவை நடந்து கொடமெல்லாம் தேஞ்சுபோச்சு"ன்னு குடுத்தாங்க. திரும்பி வார பஸ்ஸுல கண்டக்டர் சந்தேகமாப் பாத்தான். "அண்ணாச்சி, இது லக்கேஜா, இல்ல தன்னால வார கேஸா?"

"தன்னாலதான் வருது"ன்னாரு லியோன், வீணையை மடியில கட்டிப் புடிச்சுக்கிட்டு. "நான் சும்மா தொணைக்கு வாரேன்."

வாகைக்குளம் தாண்டினதும் பஸ் பஞ்சராகி நின்னுட்டு. வேற பஸ் புடிச்சுப் பழைய பஸ் ஸ்டாண்டுல எறங்கும்போது மணி நாலு அம்பது. அஞ்சானா அமலி உள்ள போயிருவா. லியோன் மோத்தா வீணையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுனாரு. நாப்பத்தெட்டு வயசு, தொந்தி, அறுந்த செருப்பு, தோள்ல ஒரு பலாமரம். இசக்கிராஜா ரெண்டு பக்கமும் லாரியை நிறுத்தி, "வாங்க வாங்க, ஓரமா வாங்க"ன்னு விசிலடிச்சான். சண்முகக்கனி கடையை விட்டு ரோட்டுக்கே வந்து, "ஏ அமலியக்கா, உள்ள போயிராதிய, வருது வருது!"ன்னு கத்துனான். ஒளிய நேரமும் இல்ல, வீணையை வச்சுக்கிட்டு ஒளியுற அளவுக்கு எளநி வண்டி பெருசும் இல்ல. நேரா அவ முன்னாலயே போய் நின்னாரு.

"அமலி... வீணை வந்துட்டு."

"பாத்தேன்."

மூச்சு வாங்குச்சு அவருக்கு. "ஏட்டி, அன்னைக்கு மழையில... ஷட்டரை நாந்தான் மூடிவச்சேன்."

"தெரியும். சண்முகக்கனி அன்னைக்கே போன் பண்ணிட்டான்."

"அந்த வயலினு, அதுவா வரல. நாந்தான்..."

"அதுவும் தெரியும். எந்த வயலினுங்க பொட்டிக்குள்ள படுத்துக்கிட்டு, வெளியலருந்து ஜிப்பை இழுத்துவிட்டு நடந்து வரும்?"

லியோன் இருபத்திரண்டு வருஷத் தொழில்காரன். வயலினைப் பொட்டி இல்லாம வெயில்ல கொண்டுபோக அவரு கையே ஒத்துக்காது.

"தெரிஞ்சும் ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா தூக்கிட்டு வர்றதை நிறுத்திருப்பிய. நீங்களும் கொஞ்சம் நடங்கன்னுதான்."

ஒத்துக்கறதுக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருந்துச்சு. தெருவே பாத்துக்கிட்டு இருக்கு. தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னாரு: "ஒன்மேல எனக்குப் பொறாமைட்டி."

"அது ஊருக்கே தெரியும்"னா அமலி.

தோள்லருந்து வீணையை எறக்கிப் படியோரமா சாச்சு வச்சா. மடியில எடுக்கல, தந்தியைத் தட்டல, வந்துட்டியான்னு கேக்கல. முந்தானையை எடுத்து மொதல்ல அவரு மொகத்தைத் துடைச்சா, நெத்தியை, கண்ணை, கழுத்தை, அவசரமே இல்லாம.

அந்த வீணைக்குக் கொடம் பூரா எரிஞ்சிருக்கும். எரியட்டும்.